கை போகாத கண்ணாடி

கொளத்தூரில் ஊத்துக்காட்டம்மன் தெருவுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கேட்பது மனிதர்களின் சத்தம் அல்ல, தண்ணீரின் சத்தம். மாடி மாடியாகத் தொட்டி, தொட்டி தொட்டியாகக் குமிழி, சோறு வடிக்கிற நேரத்திலும் சாமி கும்பிடுகிற நேரத்திலும் கொப்புளித்துக்கொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தில்தான் அங்கே குழந்தைகள் பிறக்கின்றன, கிழவர்கள் கண்ணை மூடுகிறார்கள், கரண்ட் போய் அது நின்றுவிட்டால் தெருவே தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ரங்கூன் வரைக்கும் போகிற அலங்கார மீன்களெல்லாம் இந்தத் தெரு மாடிகளில் முட்டையிலிருந்து பொரிந்தவை என்று இங்கே எல்லோரும் பெருமை பேசுவார்கள், ரங்கூன் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில் மீனுக்கு ஜோடி சேர்ப்பதில் அம்சவேணியை மிஞ்ச ஆள் கிடையாது.

மற்றவர்கள் சண்டைக்கார மீன்களை ஜோடி சேர்க்கும்போது தொட்டியின் நடுவில் ஒரு கண்ணாடியை இறக்கி, இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண் என்று விட்டு, ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று வாரக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அம்சவேணி வீட்டில் அந்தக் கண்ணாடிக்கு வேலையே இல்லை, அதுதான் அவளுடைய கர்வம். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று பார்த்தவுடனே தெரியும், ஒரே தொட்டியில் விடுவாள், துரத்தினால் துரத்தட்டும், துடுப்பு கிழிந்தால் ஒரு கைப்பிடி கல் உப்பைத் தண்ணீரில் போடுவாள், காயம் ஆறும், மறுபடி துரத்தும், மறுபடி உப்பு. "சேர்த்து வெச்சா சேர்ந்துதான் ஆவணும். நடுவுல கண்ணாடி போட்டா அதுங்களுக்குப் பழக்கமே வராது" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள்.

மகள் சுகந்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கைராசியைத்தான் அம்சவேணி நம்பினாள். அம்பத்தூரில் கார் விற்கும் கடையில் வேலை பார்க்கும் மகேந்திரன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன், அத்தை மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். கல்யாணமாகி முதல் தடவை சுகந்தி கன்னம் வீங்கி வந்து நின்றபோது, அம்சவேணி கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் பூ வைத்து அனுப்பினாள். இரண்டாம் தடவையும் அதே உப்பு, அதே துணி, அதே பூ. மூன்றாம் தடவை சுகந்தி வந்தபோது இடுப்பில் குழந்தை இல்லை. போவதென்றால் நீ மட்டும் போ என்று நான்கு வயது நிறைமதியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான் மகேந்திரன். அம்சவேணி உப்பை வறுக்க அடுப்படிக்குப் போனாள். சுகந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மீன் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள், சோற்றுக்கும் குளியலுக்கும் தவிர எழுந்திருக்கவேயில்லை, யாரோடும் பேசவுமில்லை.

அந்தத் தொட்டியில் அப்போது ஒரு ஃப்ளவர்ஹார்ன் ஜோடி இருந்தது. ஆணுக்கு நெற்றியில் பெரிய கொழுக்கட்டை அளவுக்குப் புடைப்பு, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் அடித்துக்கொண்டு வாங்குகிற மீன். பெண் அதில் பாதி. விட்ட நாளிலிருந்து ஆண் அதை மூலைக்கு மூலை முட்டிக்கொண்டே இருந்தது. அம்சவேணி சும்மா இருக்கவில்லை. இது என் இடம் என்ற நினைப்பு ஆணுக்கு அற்றுப்போக வேண்டுமென்று கற்களை இடம் மாற்றி வைத்தாள், பெண் ஒளிந்துகொள்ள ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள், கவனத்தைத் திருப்புவதற்குப் பொடி மீன்களை விட்டாள், அவள் புருஷன் தேசிங்கு தண்ணீரை மாற்றி மாற்றியே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பொடி மீன்கள் காணாமல் போயின, சட்டி புரண்டது, பெண் மீனின் வால் கந்தல் துணி மாதிரி ஆனது. அம்சவேணி உப்பு டப்பாவைத் திறந்தபோது, இத்தனை நாள் பேசாத சுகந்தி பேசினாள்.

"அம்மா. கண்ணாடி போடும்மா."

அம்சவேணி டப்பாவை மூடினாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே மாடிக்குப் போய், முன்பு யாரோ விட்டுப்போன கண்ணாடித் துண்டு ஒன்றைத் தேடிக் கழுவி எடுத்து வந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இறக்கினாள். ஆண் முழு வேகத்தில் வந்து முட்டி, என்ன முட்டினோம் என்று புரியாமல் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் தெருவில் பாதி வீடுகளில் சுவர் முளைத்திருந்தது.

கண்ணாடி என்று சொல்லலாம், தண்ணீர் என்றும் சொல்லலாம். தரையிலிருந்து கூரை வரைக்கும், வீட்டை இரண்டாகப் பிரித்து, அந்தப் பக்கத்துக் காலண்டரில் தேதி படிக்கிற அளவுக்குத் தெளிவாக, தொட்டால் பானையின் வயிறு மாதிரிக் குளிர்ச்சியாக நின்றது. உள்ளே அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. வெயில் ஏற ஏற அதன் வழியாக வந்த வெளிச்சம் கூரையில் பச்சையாக அலையடித்தது, எத்தனையோ வருஷமாகச் சுண்ணாம்பு காணாத வீடுகள்கூட அந்த வெளிச்சத்தில் கோயில் குளத்துப் படிக்கட்டு போல ஜொலித்தன. சுவர் முளைத்த எல்லா வீட்டிலும் ஒரு பக்கம் புருஷன், மறு பக்கம் பெண்டாட்டி. பிள்ளைகளும் பூனைகளும் அதற்குள் புகுந்து தலை நனைந்து மறுபக்கம் வந்து, மறுபடி புகுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவதை மறந்தார்கள். பெரியவர்களால் முடியவில்லை. குரல் அந்தப் பக்கம் போனது, கை போகவில்லை.

முதலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெட்ரோ தோண்டுவதால் என்றார் ஒருவர். மழை வரப்போகிறது என்றார் இன்னொருவர். ஆனால் எந்தெந்த வீட்டில் சுவர் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரு முழுக்கத் தெரிந்தபோது காரணம் சொல்கிறவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். தினம் காலையில் ஊரே கேட்கச் சண்டை போடுகிற பவானி வீட்டில் சுவர் இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு புருஷன் ஏழுமலையைத் தெருக்கோடி வரை துரத்துகிற அவள், வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, "என் வூட்ல வரல பாத்தியா. அது வாயை எண்ணல, கையைத்தான் எண்ணுது" என்றாள். அதுதான் சங்கதி என்று அப்போதே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, புரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் தெரு நலச்சங்கத் தலைவர் சபாபதி சார் வீட்டில், பள்ளிக்கூடத்தில் பிரம்பே எடுத்ததில்லை என்று பேர் வாங்கி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீட்டில், இருப்பதிலேயே கனமான சுவர் நின்றது.

தேசிங்கு அன்று காலையில் கண் விழித்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டே அம்சவேணி படுத்திருந்த இடம் வரை வந்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. எப்போதோ ஒரு தடவை கோபத்தில் கையை ஓங்கி, கடைசி நொடியில் திருப்பிக் கதவைக் குத்தி, சுண்டுவிரல் கோணிப்போனவர் அவர். அந்தக் கோணல் விரலை அன்று பூராவும் தெருவில் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

தெரு எதற்கும் பழகிவிடும். இரண்டொரு நாளில் சுவரில் வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். அடுப்படி பெண்கள் பக்கம் விழுந்த வீடுகளில் ஆண்கள் வாசல் பக்கம் ஸ்டவ் வாங்கி வைத்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெண்டாட்டி சொல்லச் சொல்ல, வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கசக்கினார்கள். மாவு கரைக்கத் தெரியாமல் ஒருவர் சுட்ட தோசையைப் பார்த்துப் பெண்டாட்டி சிரித்தாள், அவள் சிரித்து அந்த ஆள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது, சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பெண்களுக்குக் கழிப்பறை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வீடுகள் உண்டு, அவர்கள் கொல்லைப்புறமாகப் பவானி வீட்டுக்குப் போனார்கள், பவானி வீடு திருவிழாக் கூட்டமாக இருந்தது. மத்தியானம் தூங்கி அறியாத பெண்கள் சுவரோரம் குளிர்ச்சியில் முந்தானையை விரித்துப் படுத்து, உதடு லேசாகத் திறந்திருக்க, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

அம்சவேணியின் தொட்டிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தற்செயலாகத்தான் தெரிந்தது. பாசி துடைப்பதற்காக அவள் கண்ணாடியை இரண்டு விரல் உயரம் தூக்கினாள்; அதே நேரத்தில் தெருவில் எல்லாச் சுவர்களும் தரையிலிருந்து எழும்பின, அடியில் உருண்டு போன தக்காளியை ஒரு பெண் கையை விட்டு எடுத்தாள். கண்ணாடி இறங்கியது, சுவர்களும் இறங்கின. சாயங்காலத்துக்குள் தெரு அவள் வீட்டு வாசலில் கூடிவிட்டது.

சபாபதி சார்தான் பேசினார். "அம்சவேணி, ஊர்ல குடும்பம்னா ஆயிரம் இருக்கும். எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக் காட்டணுமா? கண்ணாடியை எடுத்துடும்மா."

"மீனு செத்துடும் சார்."

"வேற தொட்டியில மாத்து. உனக்கும் நல்லதுதான் சொல்றேன். உன் மாப்பிள்ளைகிட்ட நான் போன்ல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டார். உன் பொண்ணு அவரோட கிளம்பணும், அவ்வளவுதான். இப்ப இருக்கிற நிலைமையில அவர் வந்தா இந்த வாசல்லயும் ஒண்ணு முளைச்சுதுன்னா, குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டு அவர் அந்தப் பக்கமே நின்னுடுவார். யோசிச்சுக்கோ."

உள்ளே தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்த சுகந்தியின் முதுகு குழந்தை என்ற சொல்லுக்கு ஒரு தடவை அசைந்ததை அம்சவேணி பார்த்தாள். சுவர் இருந்தால் மகள் பிழைப்பாள், குழந்தை கிடைக்காது. சுவரை எடுத்தால் குழந்தை கிடைக்கும், நான்காம் தடவை மகள் எப்படி வருவாள், வருவாளா என்றே தெரியாது. பேரப்பிள்ளையின் தலை எண்ணெய் வாசம் வேறு நினைவுக்கு வந்தது. "ஞாயித்துக்கிழமை எடுத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் கலைந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கொல்லைப்புறக் கதவைத் தட்டிக்கொண்டு தனலட்சுமி வந்தாள். சபாபதி சாரின் மனைவி. தெருவில் யாரும் அவளை வீட்டுக்கு வெளியே அதிகம் பார்த்ததில்லை.

"அம்சா, நாளைக்கு எத்தினி மணிக்கு எடுக்கப் போற? முன்கூட்டியே சொல்லிடு. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அம்சவேணி அவள் உட்கார மணையை இழுத்துப் போட்டாள்.

"உன் மேல கோபமெல்லாம் இல்ல. இத்தினி நாள் நிம்மதியாத் தூங்கினேன், அது போதும்" என்ற தனலட்சுமி, தொட்டிப் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லட்டா. கண்ணாடி இருக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தையல் மிஷின் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, என் சாமி படம் அந்தப் பக்கம், நான் வெச்ச முருங்கை மரம் அந்தப் பக்கம். அவர் அடைஞ்சு கிடக்கிறார், சரி. நானும்தானே அடைஞ்சு கிடக்கிறேன்."

அவள் போன பிறகு அம்சவேணி தொட்டிக்கு முன்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீனி போட்ட இடம் ஆண் மீனின் பக்கம். பெண் மீன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றது. வால் பாதி ஆறியிருந்தது, வயிறு ஒட்டியிருந்தது.

"இந்தப் பொட்டை மீனு என்ன பருமன் இருக்கும்?" என்று அம்சவேணி கேட்டாள்.

சுகந்தி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் கண்ணாடியில் வைத்து அளந்தாள். அந்த விரல்களின் அளவை அம்சவேணி அப்படியே ஒரு குச்சியில் முறித்துக்கொண்டாள். தெருவில் சில கைகாரர்கள் செய்கிற வேலை அது, கண்ணாடியின் கீழ் மூலையைப் பெண் மீன் புகுகிற அளவுக்கு மட்டும் வெட்டிவிடுவார்கள். பெண்ணுக்குத் தோன்றினால் அந்தப் பக்கம் போகும், ஆகாது என்றால் திரும்பிவிடும், ஆணின் மண்டை அதில் நுழையாது. அதையெல்லாம் கையாலாகாதவர்களின் வேலை என்று கேலி பேசி வந்தவள்தான் அம்சவேணி. தேசிங்கு புதுக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவர, குச்சியை வைத்து அளந்து, மூலையை வெட்டி, கை கிழியாமல் இருக்க ஓரத்தை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகேந்திரன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை, இடுப்பில் நிறைமதி. இருபுறமும் தெரு முழுவதும் நின்றது. வாசற்படியில் அவன் கால் வைத்ததும் கதவு நிலை முழுக்கத் தண்ணீர் எழுந்து நின்றது. எழும்போது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"அம்மா" என்று குழந்தை கையை நீட்டியது. குழந்தைகள் சுவரில் புகுந்து போவது அவனுக்கும் தெரிந்திருந்தது, யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும், இடுப்பில் இருந்த பிடியை அவன் தளர்த்தவேயில்லை. சுகந்தி இந்தப் பக்கம் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளங்கைகளைச் சுற்றிக் குமிழிகள் கூடின.

"அத்தை, எடுத்துடறேன்னு சொன்னீங்களாமே. நான் அவசரப்படல. நிதானமா எடுங்க" என்றான் மகேந்திரன், எப்போதும் போல அதிராத குரலில்.

"எடுக்கிறேன் மாப்ள" என்றாள் அம்சவேணி.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம் என்று நினைக்கிறவர்கள் மீன் வளர்க்கத் தெரியாதவர்கள். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு நொடி ஆண் மீனுக்குப் போதும். அம்சவேணி பழைய கண்ணாடியை ஒட்டியபடி புதிய கண்ணாடியை இறக்கி, அடி மணலில் அழுத்தி நிறுத்தினாள். வாசலில் சுவர் இரட்டையானது. பிறகு பழையதைத் தூக்கினாள். தெரு முழுவதும் பழைய சுவர்கள் மேலே போயின, சபாபதி சார் தன் வீட்டுக்குள் ஒரு எட்டு முன்னால் வைத்தார், புதிய சுவரில் நெற்றி இடித்து நின்றார். அந்தச் சுவரின் கீழ் மூலையில், ஒரு பெண் குனிந்து போகிற அளவுக்கு, வழி ஒன்று திறந்திருந்தது. வீட்டுக்கு வீடு திறந்திருந்தது.

மகேந்திரனுக்கு அது வழியாகத் தெரிந்தது. குனிந்தான். தலையை விட்டுப் பார்த்தான், நெற்றியோடு நின்றது. பக்கவாட்டில் திரும்பித் தோளை விட்டுப் பார்த்தான், தோளும் நின்றது. இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினால் நுழைந்துவிடலாம் என்று நினைத்தான் போல, குழந்தையை ஒரு நிமிஷம் கீழே இறக்கிவிட்டான்.

நிறைமதி ஓடவில்லை. குனியக்கூட வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில், வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி நடந்து, கன்னமெல்லாம் ஈரமாக இந்தப் பக்கம் வந்து, "அம்மா, ஜில்லுனு இருக்கு" என்றாள். சுகந்தி அவளை வாரி எடுத்த வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அம்சவேணியும் அழுதாள், தேசிங்கு கோணல் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தை, இது நியாயமில்ல" என்றான் மகேந்திரன். குரல் இப்போது உயர்ந்திருந்தது. "கண்ணாடியை எடுங்க. அவ என் பொண்டாட்டி."

"வழி இருக்கே மாப்ள. அவ அளவுக்கு வெட்டினது. உங்ககிட்ட வரணும்னு அவளுக்குத் தோணுச்சுன்னா அவளே வருவா. நான் அனுப்பறதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

அன்று தெருவில் சுவர் நின்ற ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். சிலர் புருஷன் சுட்ட தோசையைத் தின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், சிலர் பேசிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள், சிலர் சுவர் ஓரம் வரை வந்து மனசு மாறிப் படுத்துக்கொண்டார்கள். சபாபதி சார் வீட்டிலிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தனலட்சுமி தைத்து முடித்ததும் தன் பக்கம் திரும்பிப் போனாள். அவர் அந்த மிஷினின் சக்கரம் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகேந்திரன் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்தபோது சுகந்தி எழுந்து வாசலுக்கு வந்தாள். தெரு மூச்சு விடாமல் பார்த்தது, அவனும் சட்டையை நீவிக்கொண்டு எழுந்து நின்றான். அவள் வழிக்கு முன்னால் குனிந்தாள். கையை அந்தப் பக்கம் நீட்டினாள். அவன் சட்டென்று அந்தக் கையைப் பிடிக்கப் போனான். அவன் விரலுக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகத் தண்ணீர் வந்து நின்றது, வழுக்கியது. சுகந்தி அவசரப்படவில்லை. குழந்தை வரும்போது படியில் கழன்று விழுந்திருந்த ஒற்றைச் செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.